காற்றுக்குச் சொந்தக்காரர்கள்

பாத்திரக்கடைக்காரர் தம் வாழ்நாளில் எதையும் வேண்டிய அளவுக்குக் கேட்டவரில்லை. குண்டான் வாங்க வருகிறவர்களிடம் இரண்டு மடங்கு சொல்வார். பாதியில் வந்து நிற்பார். தாம் வாங்கப் போகும் இடத்தில் பாதி சொல்வார். முழுசில் வந்து நிற்பார். இதனால் கடைத்தெருவில் அவருக்கு ரெட்டைவிலைக்காரர் என்று பெயர். அவருக்கு அதில் வருத்தமில்லை. அந்தத் தெருவில் எல்லாருமே அப்படித்தான். இவருக்குப் பெயர் கிடைத்தது, அவ்வளவுதான்.

பெண் கேட்கப் போன இடத்தில்கூட, "யோசிச்சுச் சொல்றோம்" என்று எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை நடந்து, கூப்பிடுவார்கள் என்று திரும்பிப் பார்த்தவர். கூப்பிட்டது பெண்தான். "குடையை மறந்துட்டீங்க" என்றாள். அவளைத்தான் கட்டிக்கொண்டார்.

அந்த அம்மாள் மாடிப்படியில் வழுக்கி இடுப்பெலும்பை முறித்துக்கொண்டதில் ஆரம்பித்தது எல்லாம். எலும்பு கூடியது, கால் கூடவில்லை. வீடோ தீப்பெட்டியை நிமிர்த்தி வைத்த மாதிரி. கீழே கூடமும் சமையலறையும். மேலே படுக்கையறையும் குளியலறையும். அவளுடைய வாழ்க்கை கூடத்தில் இருந்தது. வாழ்க்கைக்குத் தேவையான மற்றது மாடியில் இருந்தது. காலையிலும் மாலையிலும் ரெட்டைவிலைக்காரரும், சரக்கு வண்டி ஓட்டும் அவளுடைய தம்பியும் அவளை நாற்காலியோடு தூக்கி ஏற்றி இறக்கினார்கள்.

"பாத்துடா, சுவத்துல இடிக்குது."

"பாத்துக்கிட்டுத்தான் அக்கா வர்றேன்."

"சுவத்தைப் பாத்துக்கிட்டு வர்ற. என்னைப் பாரு. பீரோ தூக்குறதா இருந்தா இதைவிட அக்கறையாத் தூக்குவ."

"பீரோ பேசாது அக்கா."

சிரிப்பார்கள். ஆனால் மத்தியான வேளையில் இரண்டு ஆண்களும் வேலைக்குப் போயிருப்பார்கள். தாகம் எடுத்தாலும் அந்த அம்மாள் தண்ணீர் குடிப்பதில்லை. குடித்தால் அடுத்து என்ன என்பது அவளுக்குத் தெரியும். இதை ஒருநாள் ரெட்டைவிலைக்காரர் தற்செயலாகக் கண்டுபிடித்தார். காலையில் வைத்துவிட்டுப் போன செம்பு மாலையிலும் நிறைந்து இருந்தது. அன்றைக்கே கொத்தனாரைக் கூப்பிட்டார்.

கொத்தனார் கொல்லையை அளந்தார். "பத்துக்குப் பன்னெண்டுல ஒரு ரூம், ஒட்டினாப்ல ஒரு பாத்ரூம். தாராளம்" என்றார். பிறகு நாடாவைச் சுருட்டிக்கொண்டே, "பத்திரத்துல ஏதாவது நிபந்தனை இருக்கா?" என்று கேட்டார்.

"வீடு என்னுது. கொல்லை என்னுது. என்ன நிபந்தனை?"

"கேட்டுட்டு வந்துடுங்க ஐயா. இந்தத் தெருவுல நான் கட்டினதைவிட இடிச்சதுதான் ஜாஸ்தி."

வக்கீல் வீட்டின் மூலப்பத்திரத்தை வாங்கி, முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் தள்ளிவிட்டு நடுவில் பிரித்தார். "எல்லாரும் விலையைப் பாப்பாங்க, எல்லையைப் பாப்பாங்க, கையெழுத்தைப் பாப்பாங்க. நடுவுல இருக்கறதைப் படிக்கிறவன் வீடே வாங்க மாட்டான்" என்று சொல்லிவிட்டுப் படித்தார்:

'விற்பவரின் சாயப்பட்டறையைச் சேர்ந்த துணி உலர்த்தும் களத்துக்குத் தெற்கிலிருந்து வரும் காற்றைத் தடுக்கும்படியாக, வாங்குபவரோ, அவர் வாரிசுகளோ, அவர்களிடமிருந்து வாங்குபவர்களோ மேற்படி வீட்டின் கொல்லையில் எக்காலத்தும் எவ்விதக் கட்டடமும் எழுப்பலாகாது.'

"சாயப்பட்டறையா? நான் பொறக்கறதுக்கு முன்னாடியே மூடிட்டாங்களே!"

"பட்டறை போகும். நிபந்தனை போகாது. அது ஆளோட போறது இல்ல ஐயா, மண்ணோட ஒட்டிக்கிட்டு இருக்கறது. மண்ணை வாங்கினப்ப அதையும் சேத்து வாங்கிட்டீங்க."

"நான் பணம் குடுத்தது வீட்டுக்கு."

"இது இலவச இணைப்பு" என்றார் வக்கீல்.

காற்றை வாங்கிக்கொள்ளும் உரிமை இப்போது யாரிடம் இருக்கிறதோ அவர்கள்தான் நிபந்தனையைத் தளர்த்த முடியும் என்றும், அது பத்திர நிபந்தனைப் பாதுகாப்பு வாரியத்திடம் இருக்கிறது என்றும், வாரியத்தைத் தேடி அலைய வேண்டாம், கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் நிற்கும் நாலு மாடிக் கட்டடம்தான் என்றும் சொன்னார்.

வாரியத்தில் மனு எழுதும்போதுதான் ரெட்டைவிலைக்காரர் அந்தக் காரியத்தைச் செய்தார். 'உத்தேச அறையின் அளவு' என்ற இடத்தில் இருபதுக்கு இருபத்துநான்கு என்று எழுதினார். குளியலறையையும் இரண்டாக்கினார். பாதியாகக் குறைப்பார்கள், நமக்கு வேண்டியது கையில் நிற்கும். முப்பது வருட அனுபவம் அவர் கையைப் பிடித்து எழுதவைத்தது.

பிரிவு அதிகாரி கனிவான பெண்மணி. மனுவைப் படித்துவிட்டு, "நல்ல பெரிய அறை" என்றார்.

பேரம் ஆரம்பித்துவிட்டது என்று ரெட்டைவிலைக்காரர் உட்கார்ந்த இடத்தில் கொஞ்சம் சாய்ந்துகொண்டார். "நீங்க சொல்லுங்கம்மா. எவ்வளவுக்கு விடுவீங்க?"

"எதை?"

"அறையை."

"நீங்க எழுதினதுதானே அறை? அதுல நாங்க கை வைக்க மாட்டோம். மனுதாரர் விருப்பத்தை வாரியம் மதிக்கும்."

இவர் வேறு பக்கம் வந்தார். "அது இருக்கட்டும்மா. களம்னு எழுதியிருக்கு, களம் எங்க? அது மேலதானே உங்க ஆபீஸ் நிக்குது?"

"அதனாலதானே அந்தப் பொறுப்பு எங்ககிட்ட வந்துச்சு."

"காயப்போடத் துணியே இல்லையே."

"வரலாம்."

"உங்க கட்டடம் நாலு மாடி. அது காத்தை மறைக்கலையா?"

அதிகாரி புண்பட்டது முகத்தில் தெரிந்தது. "நிபந்தனை வாங்கினவங்களுக்கு ஐயா. வித்தவங்களுக்கு இல்ல. நாங்க காத்தை மறைக்கல. வாங்கிக்கறோம்."

ரெட்டைவிலைக்காரர் கடைசி ஆயுதத்தை எடுத்தார். "அப்ப வேண்டாம், விடுங்க" என்று எழுந்து, மெதுவாக நடந்து, வாசல்படியில் நின்று திரும்பிப் பார்த்தார். அதிகாரி அடுத்தவரின் மனுவைப் படித்துக்கொண்டிருந்தார். இவரே திரும்பி வந்து உட்கார வேண்டியதாயிற்று. கடைத்தெரு ஆட்கள் யாராவது பார்த்திருந்தால் வியாபாரத்தை விட்டிருப்பார்.

வாரியத்தின் நடைமுறை எளிமையானது. கேட்ட அறையைக் கேட்ட அளவில் மூங்கிலாலும் தார்ப்பாயாலும் மனுதாரர் தம் செலவில் கொல்லையில் கட்ட வேண்டும். இதற்கு மாதிரி அறை என்று பெயர். பிறகு வாரியத்தின் மொட்டைமாடியில் ஈரத்துணி ஒன்றைக் காயப்போடுவார்கள். காலையில் போட்ட துணி மத்தியானத்துக்குள் காய்ந்துவிட்டால், அறை காற்றைத் தடுக்கவில்லை என்று பொருள்.

கொத்தனார் அண்ணாந்து மொட்டைமாடியைப் பார்த்தார். கீழே பத்தடி உயரத் தார்ப்பாயைப் பார்த்தார். "இதுக்கும் அதுக்கும் என்ன ஐயா சம்பந்தம்?"

"சம்பந்தம் இல்லைன்னு காட்ட வேண்டியது என் பொறுப்பாம்" என்றார் ரெட்டைவிலைக்காரர்.

மாதிரி அறை கொல்லை முழுவதையும் விழுங்கியது. துணிக்கொடி போனது; கிணற்றடிக்குப் போகும் வழி போனது. கூடத்திலிருந்து எட்டிப் பார்த்த மனைவி, "என்னங்க இது, சர்க்கஸ் வருதா?" என்றாள்.

"உனக்குத்தான்."

"எனக்கா? நான் படுக்கப் போறேனா, பந்தயம் ஓடப் போறேனா? இவ்வளவு பெருசு எதுக்கு?"

"அளவு அவங்க சொன்னது" என்றார் ரெட்டைவிலைக்காரர். சரக்கு நேற்றுத்தான் வந்தது என்று வாடிக்கையாளரிடம் சொல்கிற அதே குரல். அவள் ஒரு கணம் அவரையே பார்த்தாள். பிறகு விட்டுவிட்டாள்.

சோதனை தொடங்கியது. துணியை நனைக்க வாரியத்தில் நனைப்பாளர் ஒருவர் இருந்தார். காய்ந்ததா என்று உள்ளங்கையை வைத்துச் சான்று சொல்லத் தொடுவாளர் ஒருவர் இருந்தார். நனைப்பாளர் தொடக் கூடாது. தொடுவாளர் நனைக்கக் கூடாது. முதல் நாள் துணி சீக்கிரமே காய்ந்துவிட்டது. அன்று வெயில் கடுமை. வெயில் காயவைத்ததைக் காற்றின் கணக்கில் எழுத முடியாது என்று தள்ளிவிட்டார்கள். அடுத்த முறை தூறல். அதற்கடுத்த முறை துணி காய்ந்தது, தொடுவாளர் விடுப்பில் இருந்தார். அவர் தொடாதவரை துணி ஈரமாகவே கருதப்படும். அந்தத் துணி அவர் திரும்பி வரும்வரை கொடியிலேயே ஈரமாக இருந்தது.

இப்படியே போனது. சோதனை முடியும்வரை மாதிரி அறையைப் பிரிக்கக் கூடாது என்பது விதி.

தம்பிதான் ஒரு வழி செய்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டிலைத் தூக்கி மாதிரி அறையில் போட்டான். மூலையில் குளியலுக்கு ஒரு தட்டி கட்டினான். உட்கார்ந்து எழ வசதியாக மரத்தில் ஓர் இருக்கை செய்து, கைப்பிடிக்கு இரண்டு பக்கமும் மூங்கில் வைத்தான். பெரிய அண்டாவில் தண்ணீர் நிரப்பினான். "மாமா, அவங்க எப்ப வேணா துணி காயப்போடட்டும். அக்கா இங்க இருக்கட்டும்."

அன்று அந்த அம்மாள் யாருடைய கையும் படாமல் தானாகக் குளித்தாள். உள்ளே தண்ணீர் விழும் சத்தம் வெகுநேரம் கேட்டது. ரெட்டைவிலைக்காரர் தார்ப்பாய்க்கு வெளியே நின்று, "ஆச்சா?" என்றார்.

"ஆகலை. போங்க அந்தப் பக்கம். இன்னும் ரெண்டு செம்பு ஊத்திக்கறேன்."

அவள் மத்தியானத்தில் தண்ணீர் குடிக்கத் தொடங்கினாள். முகம் தெளிந்தது. கட்டிலில் படுத்தபடியே அடுத்த வீட்டுக்காரியோடு வம்பு பேசினாள். அந்த நல்ல காலம், காற்று ஆய்வாளர் வந்து தார்ப்பாயை விலக்கும்வரை நீடித்தது.

ஆய்வாளர் இளைஞர். ஒரு காகிதக் காற்றாடியைக் கையில் பிடித்திருந்தார். கட்டிலைப் பார்த்ததும் திடுக்கிட்டார். "நீங்க இங்க இருக்கக் கூடாதும்மா."

"நான் இருக்கலைப்பா. படுத்திருக்கேன்."

"மாதிரி அறையில ஆள் இருந்தா அது அறை ஆயிடும்மா. அறைன்னா நிபந்தனை மீறல்."

"ஆள் இல்லாத அறை எனக்கு எதுக்குப்பா?"

"உங்களுக்கு இல்லம்மா. சோதனைக்கு." அவர் உண்மையிலேயே சங்கடப்பட்டுக்கொண்டே எழுதினார். மறைப்பு: உண்டு. வசிப்பு: உண்டு.

கட்டில் கூடத்துக்குத் திரும்பியது. மாதிரி அறை மட்டும் இருந்த இடத்திலேயே காலியாக நின்றது. வசித்த நபர் விசாரணைக்கு நேரில் வர வேண்டும் என்று ஆணை வந்தது. விசாரணை மன்றம் நாலாவது மாடியில்.

வாரியத்தில் லிஃப்ட் இருந்தது. கதவில் 'ஈரத்துணிக்கு மட்டும்' என்று பலகை தொங்கியது. கேட்டதற்கு, உலர்ந்த பொருள்கள் ஏறினால் ஈரம் பாதிக்கப்பட்டுச் சோதனை கெட்டுவிடும் என்றார்கள். ரெட்டைவிலைக்காரரும் தம்பியும் நாற்காலியோடு அவளை நாலு மாடி தூக்கினார்கள். மூன்றாவது மாடித் திருப்பத்தில் தம்பி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு மீண்டும் தூக்கினான்.

வாரியத் தலைவர் நிறைந்த குரல் உடையவர். மன்றத்தில் நாலைந்து பேர்தான் இருந்தார்கள். அவர் ஊர்ப் பொதுக்கூட்டத்தில் பேசுவதுபோலவே பேசினார்.

"இந்த வாரியம் தோன்றிய நாள்முதல் ஒரே ஒரு மனுவைக்கூட நிராகரித்ததில்லை என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். அனைத்தும் பரிசீலனையில் இருக்கின்றன. மக்கள் எங்களிடம் கேட்கிறார்கள்: பட்டறை இல்லை, களம் இல்லை, துணி இல்லை, எதைப் பாதுகாக்கிறீர்கள்? நான் சொல்கிறேன். பட்டறை இருந்தபோது நிபந்தனைக்கு ஒரு பயன் இருந்தது. பயன் இருக்கிற ஒன்றை யார் வேண்டுமானாலும் பாதுகாப்பார்கள். பயன் போன பிறகும் பாதுகாக்கத்தான் ஒரு வாரியம் வேண்டியிருக்கிறது."

அவருக்குப் பின்னால் பெரிய ஜன்னல் திறந்திருந்தது. தெற்குக் காற்று தாராளமாக வந்து மேசைமேல் இருந்த காகிதங்களைப் புரட்டியது. காகிதங்கள் பறக்காமல் இருக்க ஓர் ஊழியர் இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டிருந்தார். காற்றின் உபயோகம் அவ்வளவுதான்.

"ஐயா," என்றாள் அந்த அம்மாள், "எனக்கு அவ்வளவு பெரிய அறை வேண்டாம். ஒரு கட்டில் போட இடம், பக்கத்துல ஒரு குளியலறை. நீங்க அளவைக் குறைச்சுக் குடுங்க."

"எங்க அளவா?" தலைவர் பேச்சு வழக்குக்கு இறங்கினார். "அளவு உங்க வீட்டுக்காரர் எழுதினதும்மா. பத்துக்குப் பன்னெண்டுக்குள்ள ஒரு அறையும் ஒரு குளியலறையும்னா அது சிறு மறைப்பு. அதுக்கு மனுவே வேண்டாம். சோதனையும் இல்ல. ஒரு தகவல் சொல்லிட்டுக் கட்டிட்டுப் போயிருக்கலாம்."

அவள் மெதுவாகக் கணவர் பக்கம் திரும்பினாள். "எவ்வளவுங்க எழுதினீங்க?"

"இருபதுக்கு இருபத்துநாலு."

"குளியலறை?"

"ரெண்டு."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஏசியிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவரே எழுந்து கைகூப்பினார். "ஐயா, தப்பு என்னுது. இப்பவே மாத்தி எழுதித் தர்றேன். பத்துக்குப் பன்னெண்டு. வேணும்னா எட்டுக்குப் பத்து."

"அங்கதான் சிக்கல்" என்றார் தலைவர் அனுதாபத்தோடு. "பெரிய அறை கேட்டவர் சின்ன அறை கேட்டா, பெரிய அறையைத் துண்டு துண்டாக் கட்டப் போறார்னுதான் விதி எடுத்துக்கும். முதல் மனு முடியணும். அது முடியச் சோதனை முடியணும்."

விசாரணை முடிந்தது. அவளைக் கீழே இறக்கக் குனிந்த தம்பி நிமிரவில்லை. முதுகு பிடித்துக்கொண்டது. சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டான். வாரிய ஊழியர்கள் சுற்றி நின்று வருத்தப்பட்டார்கள். மனுதாரர் தரப்பைத் தூக்கினால் அது சலுகை காட்டியதாகும் என்பதால் கை கொடுக்க இயலவில்லை. அலுவலகம் மூடும் நேரம் நெருங்கியது.

கனிவான பிரிவு அதிகாரிதான் வழி கண்டுபிடித்தார். "லிஃப்ட்ல போகலாமே. துணியா இருந்தா சரி, ஈரமா இருந்தா சரி. உள்ள என்ன இருக்குன்னு விதியில எதுவும் இல்ல."

எல்லாரும் அவருடைய புத்தியை மெச்சினார்கள். ரெட்டைவிலைக்காரர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். "வீட்டுக்குப் போனாப் போதும்" என்றாள் அவள். சோதனைத் துணியை எடுத்து வந்தார்கள். நனைப்பாளர் வேலையில் குறை வைக்காதவர். சொட்டச் சொட்ட நனைத்து, கழுத்து வரை சுற்றினார். பிறகு விதிப்படி தலையையும் மூடினார். பதிவில் 'துணி, ஒன்று' என்று எழுதிக் கீழே அனுப்பினார்கள்.

கீழே கதவைத் திறக்கத் தொடுவாளர் வர வேண்டும். அவர் வெளியே போயிருந்தார். நாலு மாடியையும் ஓடி இறங்கிய ரெட்டைவிலைக்காரர் மூடிய கதவின்மேல் தட்டிக்கொண்டே நின்றார். "இருக்கியா?" "இருக்கேன்." கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, "இருக்கியா?" "குளிருதுங்க." தொடுவாளர் வாயைத் துடைத்துக்கொண்டு வந்து, கதவைத் திறந்து, துணிமேல் உள்ளங்கையை வைத்து, "ஈரம்" என்றார். எல்லாருக்கும் நிம்மதி.

துணிக்குள்ளிருந்து பல் கிட்டும் குரல் வந்தது. "நல்லவேளை. காஞ்சிருந்தா திருப்பி மேல அனுப்பியிருப்பீங்க."

அவள் பேசிய கடைசி வேடிக்கை அது. சளி நெஞ்சில் இறங்கியது. கொத்தனார் கைகொடுக்க மாடியறைக்கு ஏற்றிப் படுக்கவைத்தார்கள்; தம்பி முதுகு பிடித்துக் கிடந்ததால் தினமும் ஏற்றி இறக்க ஆளில்லை, அவள் இறங்கவேயில்லை. ரெட்டைவிலைக்காரர் கடையை மூடிவிட்டுப் பக்கத்திலேயே இருந்தார். காய்ச்சல் வேகத்தில் ஒருநாள், "அளவைச் சரியாச் சொல்லிடுங்க" என்றாள். யாரிடம் என்று சொல்லவில்லை. அந்த வாரம் முடிவதற்குள் போய்விட்டாள்.

கொத்தனாரும் இன்னும் மூவரும் சேர்ந்து அவளைப் படியில் இறக்கினார்கள். கூடத்தில் வைத்தால் நாலு பேர்கூட நிற்க முடியாது. கொல்லையில்தான் இடம் இருந்தது. மாதிரி அறையின் நடுவில் கட்டிலைப் போட்டுக் கிடத்தினார்கள். கடைத்தெருவே வந்திருந்தது. இருபதுக்கு இருபத்துநான்கு; அத்தனை பேருக்கும் உள்ளே இடம் இருந்தது. தம்பி முதுகில் கட்டோடு ஒரு மூங்கிலில் சாய்ந்து நின்றான்.

அப்போது காற்று ஆய்வாளர் வந்தார். அன்று மறுசோதனை நாள். தேதி முன்பே குறித்தது. உள்ளே எட்டிப் பார்த்தவர் காற்றாடியைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு வெகுநேரம் தலைகுனிந்து நின்றார். பிறகு அழுதுகொண்டிருந்த பெண்களைக் கொஞ்சம் நகர்ந்துகொள்ளச் சொல்லி, காற்று வரும் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதினார். எழுதியதை ரெட்டைவிலைக்காரரிடம் நீட்டினார்.

மறைப்பு: உண்டு. வசிப்பு: இல்லை.

ரெட்டைவிலைக்காரர் அதைப் படித்தார். கட்டிலைப் பார்த்தார். மறுபடி படித்தார்.

"இல்லைன்னு போட்டிருக்கீங்க."

"ஆமா ஐயா" என்றார் ஆய்வாளர், பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காத குரலில். "உங்களுக்குச் சாதகமாத்தான் எழுதியிருக்கேன்."

ரெட்டைவிலைக்காரர் பேனாவை வாங்கிக்கொண்டார். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டார். ஆய்வாளர் விரலால் காட்டினார்.